ஹொனோரா டூமி சொன்ன சாட்சி

எங்கள் ஹார்ட்டிகன் ஊரில் செத்தவனைவிட அவன் கல்லுக்குத்தான் மரியாதை அதிகம். பெயரும் இரண்டு தேதியும் மட்டும் வெட்டினால் அது நாய்க்கு வைக்கிற கல். அதற்குக் கீழே அயர்லாந்தில் எந்தக் கவுண்டி, அதாவது எந்த மாவட்டம், அதில் எந்தப் பங்கு, அதாவது எந்த மாதாகோயில் வட்டாரம் என்று வெட்டியாக வேண்டும். நூற்றெண்பது வருஷத்துக்கு முன்னால் கப்பலேறி வந்தவனின் ஊரை, இங்கே அமெரிக்காவில், இல்லினாயில் பிறந்து இல்லினாயில் சாகிறவனின் தலைமாட்டில் வெட்டுகிறோம். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் எங்கள் பைத்தியக்காரத்தனம், வெளியூர்க்காரன் சிரித்தால் பல் இருக்காது.

என் அண்ணன் எம்மெட்டுக்கு நுரையீரல் முழுக்கப் புற்று பரவிவிட்டது என்று டாக்டர் சொன்ன மறுநாளே, கல் வெட்டுகிற ஃபெர்கஸ் டோலனிடம் ஒரு கறுப்புக் கல்லுக்குச் சொல்லிவிட்டு வந்தான். பளபளவென்று இழைத்த கல். கவுண்டி லாங்ஃபோர்டு என்று வெட்டிவிடலாம், அதில் சந்தேகமில்லை. பங்கின் பெயர்தான் தெரியாது.

"ஏய் வின்னி, நான் போறதுக்குள்ள அந்தப் பங்கைக் கண்டுபிடிச்சுக் குடு. அரை விலாசத்தோட என்னைப் புதைச்சுடாதே" என்றான்.

"ஒன்பது வருஷமா தேடறேன். சாவை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடேன்."

"அது என் கையிலயா இருக்கு, கழுதை."

நான் வினிஃப்ரெட் ஸ்கெல்லி. அறுபத்தாறு வயது. முப்பத்தோரு வருஷம் பன்றிக்கறி ஆலையில் எலும்பு நீக்குகிற வேலை பார்த்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், ஆம்பளைகளை வேலை இடத்திலேயே நிறையப் பார்த்துவிட்டேன் என்பேன். ஓய்வு பெற்றபின் பழைய பதிவேடுகளைத் தோண்டுவது பழக்கமாயிற்று. கறி வெட்டுகிறவளுக்குப் பொறுமை உண்டு. மூட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் கத்தி தானாகப் போகும்.

ஹார்ட்டிகனுக்கு நடுவில் கால்வாய் ஓடுகிறது. 1838இல் அதை வெட்டியவர்கள் எங்கள் ஆட்கள். மேல்கரையில் லாங்ஃபோர்டு கவுண்டிக்காரர்கள், கீழ்கரையில் கார்க் கவுண்டிக்காரர்கள். அயர்லாந்தில் ஒருத்தரை ஒருத்தர் கண்ணால்கூடப் பார்த்திராத இந்த இரண்டு கூட்டமும், இங்கே சேற்றில் நின்றுகொண்டு வேலைக்காக அடித்துக்கொண்டு செத்தார்கள். கரைப் பாதையில் எதிரே வருகிறவனை நிறுத்தி "எந்தக் கவுண்டி?" என்று கேட்பார்கள். பதில் பிடிக்கவில்லையென்றால் மண்டை பிளக்கும். கெட்டிக்காரன் கேட்பவனின் பேச்சை வைத்தே அவன் ஊரை ஊகித்து, அதையே தன் ஊர் என்று சொல்லித் தப்பித்துவிடுவான்.

அந்தச் சண்டையில் மேல்கரைக்குத் தலைமை தாங்கியவன் லாரன்ஸ் ஸ்கெல்லி. எங்கள் குலத்தின் முதல் ஆள். அறுபது கார்க்காரன்களைத் துரத்தி ஆற்றில் இறக்கினான் என்று எங்கள் அப்பா சொல்வார். எம்மெட் சொல்லும்போது அது நூறாகும். எம்மெட் அந்தப் பெருமையை வாயோடு நிறுத்திக்கொள்கிறவன் இல்லை. கொதிகலன் பட்டறையில் வேலை செய்த கை. எங்கள் ஜனம் குடித்துக் கொண்டாடுகிற செயின்ட் பேட்ரிக் திருநாள் வந்தால் கீழ்கரைச் சாராயக் கடைக்குப் போய், புதிதாக வந்தவனின் சட்டையைப் பிடித்து "எந்தக் கவுண்டி?" என்று கேட்பான். இரண்டு பேருக்குத் தாடை உடைந்தது. ஒருத்தனுக்காக முப்பது நாள் ஜெயிலிலும் இருந்தான். வெளியே வந்தபோது மேல்கரை ஆட்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நானும்தான் கை தட்டினேன். பொய் சொல்ல மாட்டேன்.

மேல்கரைக் கல்லறைத் தோட்டத்தில் லாரன்ஸின் கல் இன்றும் நிற்கிறது. பங்கின் பெயர் இருந்த இடம் மட்டும் பனியில் பொடிந்து உதிர்ந்துவிட்டது. அதனால்தான் இத்தனை தேடல்.

எங்கள் ஜனத்தில் பெயர் வைக்க ஒரு முறை உண்டு. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர். இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூன்றாமவனுக்குத்தான் பெற்றவனின் சொந்தப் பெயர். இதை மீற மாட்டார்கள். மீறினால் மாமியார் வீட்டில் அடுப்பு எரியாது. லாரன்ஸின் மூத்த மகன், அதாவது என் கொள்ளுத் தாத்தா, ஜெரமையா. அப்படியானால் லாரன்ஸின் அப்பா பெயர் ஜெரமையா ஸ்கெல்லி. லாங்ஃபோர்டில் ஜெரமையா ஸ்கெல்லி எந்தப் பங்கில் இருந்தான் என்று பார்த்தால் முடிந்தது வேலை. கணக்கு இத்தனை சுலபம் என்று நம்பி ஒன்பது வருஷத்தைத் தொலைத்தேன்.

லாங்ஃபோர்டுக்கே இரண்டு முறை போனேன். பங்கு பங்காக ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினேன். ஸ்கெல்லிகள் கொட்டிக் கிடந்தார்கள். பீட்டர், ஹியூ, மேத்யூ, லாரன்ஸ். ஜெரமையா என்று ஒருத்தன் இல்லை. இரண்டாவது முறை, கோயில் வாசலில் பூ மாற்றிக்கொண்டிருந்த ரோசலீன் ஸ்கெல்லி என்ற அம்மாளிடம் புலம்பினேன்.

"ஜெரமையாவா?" என்று அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "அது தெக்கத்திப் பேரும்மா. கார்க் பக்கம் வீட்டுக்கு ரெண்டு ஜெரமையா கிடப்பான். எங்க ஊர்ல ஆட்டுக்கடாவுக்குக்கூட அந்தப் பேரை வைக்க மாட்டோம்."

அந்த அம்மாளைப் பூவோடு விட்டுவிட்டு நடந்தேன். விடுதிக்குப் போய் ஹார்ட்டிகன் பதிவேட்டின் நகலைப் பிரித்து வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஜெரமையாவுக்குப் பிறகு பிறந்தவன் ஹியூ. அவனுக்குப் பிறகு மைக்கேல். அவனுக்குப் பிறகு லாரன்ஸ். ஹியூவை மூத்தவனாக வைத்தால் பெயர் முறை பிசகாமல் ஓடுகிறது. ஜெரமையாவை லாரன்ஸின் மகனாக எண்ணாமல் தள்ளியிருக்கிறார்கள். முட்டாள் நான், ஒன்பது வருஷம் அந்தப் பக்கத்தைப் பார்த்தும் பார்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் நேராக மாவட்ட நீதிமன்றத்தின் நிலவறைக்குப் போனேன். ஸ்கெல்லி என்ற பெயரை விட்டுவிட்டு நோராவைத் தேடினேன். நோரா, முழுப் பெயர் ஹொனோரா. லாரன்ஸின் மனைவி, என் எள்ளுப்பாட்டி. அவளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. லாரன்ஸ் புராணத்தில் அவளுக்கு இடம் இல்லை.

முதலில் கிடைத்தது கல்யாணப் பதிவு. 1838 அக்டோபர். லாரன்ஸ் ஸ்கெல்லிக்கும், விதவை ஹொனோரா டூமிக்கும். ஜெரமையாவின் ஞானஸ்நானம் அடுத்த மாதம். விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியமே இல்லை. விதவை என்றால் யாருடைய விதவை? அதே வருஷம் ஜூன் மாதப் பிரேத விசாரணைக் காகிதக் கட்டுக்குள் இருந்தான் அவன். ஜெரமையா டூமி, வயது இருபத்தாறு, கவுண்டி கார்க், கால்வாய்க் கூலி.

எங்கள் ஜனத்தில் அப்பன் முகம் பார்க்காமல் பிறக்கிற பிள்ளைக்கு அப்பன் பெயரையே வைப்பார்கள்.

பிணத்தைப் பார்த்த வைத்தியர் எழுதியதைப் படித்தேன். மண்டை மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது. இரண்டு முன்னங்கைகளிலும் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிந்திருக்கிறது. முப்பத்தோரு வருஷம் எலும்போடு வாழ்ந்தவள் நான், எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கீழே விழுந்தவனுக்கு அந்த எலும்பு முறியாது. கையைத் தூக்கித் தலையை மறைத்திருக்கிறான். கை உடைந்த பிறகுதான் மண்டை உடைந்திருக்கிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம். மேல்கரையிலிருந்து இருநூறு பேர் மண் கொத்துகிற குந்தாலியின் பிடியும் துப்பாக்கியுமாக இறங்கியிருக்கிறார்கள். கார்க்காரர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். ஓடியவர்களை ஆற்றுக்குள் விரட்டி, தலை மேலே வந்தால் கல்லால் அடித்தார்கள். ஒருத்தனின் காதை அறுத்துக் கம்பத்தில் அறைந்தார்கள். டூமி ஓடவில்லை. நோராவுக்கு நான்கு மாதம், காய்ச்சலில் கிடந்தாள். விசாரணையில் நோராவைக் கேட்டிருக்கிறார்கள். "நான் உள்ளே படுத்திருந்தேன். யாரையும் பார்க்கவில்லை" என்று சொல்லிக் கைநாட்டு வைத்திருக்கிறாள். அடையாளம் தெரியாத நபர்களால் கொலை என்று வழக்கை மூடிவிட்டார்கள்.

அத்தோடு நானும் மூடியிருப்பேன். ஆனால் எலும்பு வழியே கத்தி போய்க்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்த எனக்குத் தெரியாது. மாஜிஸ்திரேட் கோர்ட்டுப் புத்தகங்களை வருஷம் வருஷமாகப் புரட்டினேன். 1857 ஆகஸ்டில் லாரன்ஸ் ஸ்கெல்லி ஒரு புகார் கொடுத்திருக்கிறான். தன் மூத்த மகன் ஜெரமையா மண்வெட்டியால் அடித்துத் தோள் எலும்பை உடைத்துவிட்டான் என்று. மகனுக்கு வயது பதினெட்டு. லாரன்ஸ் தன் மனைவியை இடுப்பு வாரால் அடித்துக்கொண்டிருந்தபோது நடந்தது என்று பக்கத்து வீட்டுக்காரன் சாட்சி. அதற்கு முன்னாலும் லாரன்ஸ் மேல் மூன்று புகார்கள் இருக்கின்றன. ஒரு முறை அவள் விரல், ஒரு முறை விலா, ஒரு முறை முன்பற்கள். மூன்றிலும் அவளே வந்து புகாரைத் திரும்ப வாங்கியிருக்கிறாள்.

இந்த முறை நோரா கூண்டில் ஏறியிருக்கிறாள். அவள் சொன்னதைக் குமாஸ்தா வரிக்கு வரி எழுதி வைத்திருக்கிறான், புண்ணியவான். அதை நகலெடுத்துக்கொண்டு எம்மெட்டிடம் போனேன்.

போகிற வழியெல்லாம் யோசித்தேன். சாகப் போகிறவனிடம் சொல்லலாமா? ஏதோ ஒரு பங்கின் பெயரை இட்டுக்கட்டிச் சொன்னால் சந்தோஷமாகப் போய்ச் சேருவான். ஃபெர்கஸ் டோலனும் வெட்டிவிடுவான். யாருக்குத் தெரியப் போகிறது? எனக்குத் தெரியும். கறி ஊசிவிட்டதென்று தெரிந்தும் பொட்டலம் கட்டித் தர என் கைக்கு வராது.

எம்மெட் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான், மூக்கில் குழாயோடு. "கிடைச்சுதா?" என்றான்.

"கிடைச்சுது. நாம லாங்ஃபோர்டு இல்லை எம்மெட். கார்க்."

முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் முறை, கல்யாணத் தேதி, முன்னங்கை எலும்பு. பாதியிலேயே கையிலிருந்த தேநீர்க் கோப்பை என் காதோரம் பறந்துபோய்ச் சுவரில் உடைந்தது.

"பொய்! கீழ்கரைக்காரனுங்க உனக்கு என்னத்தைக் குடுத்தானுங்க? எவன் எழுதின காகிதம் அது?"

"உன் கொள்ளுப்பாட்டனைப் பெத்தவ சொன்னது. கேக்கிறியா, இல்லே சாமானெல்லாம் உடைச்சு முடிச்சப்புறம் படிக்கவா?"

எழுந்தான். எப்படி எழுந்தான் என்று இன்றைக்கும் தெரியவில்லை. குழாய் பிடுங்கிக்கொண்டு வந்தது. விட்டான் ஒரு அறை. அறுபத்தாறு வருஷத்தில் என் அண்ணன் என்மேல் கை வைத்தது அன்றுதான். உதடு கிழிந்து ரத்தம் வாய்க்குள் வந்தது. இரண்டாவது அறைக்கு ஓங்கிய கையை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டேன். எலும்பாக இருந்தது.

"அடி. நல்லா அடி. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. இது அடிச்சவன் கையில்லடா. அடிபட்டவன் கை. இதை வெச்சுத்தான் நீ அவன் ஜனத்துத் தாடையை உடைச்சே."

அவன் நாற்காலியில் சரிந்தான். மூச்சு இழுத்தது. குழாயைத் திரும்பப் பொருத்தினேன். என் ரத்தம் அவன் சட்டையில் சொட்டியது. இரண்டு பேரும் துடைக்கவில்லை. "படி" என்றான். படித்தேன்.

"என் புருஷன் ஜெரமையா டூமி வாசல்ல நின்னான். இந்த லாரன்ஸ் ஸ்கெல்லி வந்து எந்தக் கவுண்டின்னு கேட்டான். லாங்ஃபோர்டுன்னு சொல்லுய்யான்னு நான் உள்ளேயிருந்து கத்தினேன். அவன் கார்க்னு சொன்னான். இவன் குந்தாலிப் பிடியால அஞ்சு அடி அடிச்சான். நான் எண்ணினேன். கோர்ட்டுல கேட்டப்ப பயந்துபோய்ப் பாக்கலேன்னு சொன்னேன், அது பாவம்தான். கார்க் ஜனம் பூரா ஓடிப்போச்சு. பனி விழ ஆரம்பிச்சுது. வயித்துல பிள்ளை. இவன் ஒரு மூட்டை மாவோட வந்து நின்னான். இவன் வாசலைத் தவிர எனக்கு வேற வாசல் இல்லை. பிள்ளைக்குப் பேரு வைக்கறது மட்டும் என் இஷ்டம்னு சொல்லித்தான் கட்டிக்கிட்டேன். பத்தொன்பது வருஷமா இவனுக்கு உருளைக்கிழங்கு அவிச்சுப் போடறேன். பத்தொன்பது வருஷமா இவனும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடறான். ஐயா, என் மகன் ஒரு அடிதான் அடிச்சிருக்கான். இன்னும் நாலு பாக்கி இருக்கு."

மாஜிஸ்திரேட் கொலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஐரிஷ்காரன் ஐரிஷ்காரனைக் கொன்றால் இந்த நாட்டில் அப்போது அது நாய்ச் சண்டை. மகனுக்கு இருபது நாள் ஜெயில். நோரா திரும்பி எங்கே போனாள் என்பதையும் தேடினேன். 1860 மக்கள் கணக்கெடுப்பில் அதே வீடு, அதே லாரன்ஸ். வேறு எங்கே போவாள்? 1871இல் அவன் செத்தான். அவள் அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இருந்தாள். அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவள் பெயர் எந்தக் கோர்ட்டுப் புத்தகத்திலும் இல்லை. அதை நினைத்து நிலவறையில் உட்கார்ந்து அழுதேன். யாரும் அடிக்காத பதினெட்டு வருஷம்!

எம்மெட் மூன்று முறை படிக்கச் சொன்னான். பிறகு, "எழுபத்துநாலு வயசுல என்னை அநாதையாக்கிட்டியே வின்னி" என்றான். சுவரோரம் கிடந்த கோப்பைச் சில்லுகளைப் பொறுக்கினேன்.

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை அவனே கூப்பிட்டான். "வண்டியை எடு. பட்டறைச் சுத்தியலையும் எடுத்துக்கோ, பெருசு."

"எதுக்கு?"

"நாலு பாக்கி இருக்குன்னு சொன்னா இல்ல?"

தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. எனக்கும் கை துறுதுறுத்தது, அதுதான் உண்மை. ஏப்ரல் சேற்றில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேல்கரைக் கல்லறைத் தோட்டத்தில் ஏறினேன். லாரன்ஸ் ஸ்கெல்லியின் கல்முன் நிறுத்தினேன். வருஷா வருஷம் எம்மெட் விஸ்கி ஊற்றி வணங்குகிற கல்.

"கொலைகாரப் பாவி" என்று எச்சில் துப்பினான். நாற்காலியிலிருந்து எழுந்து, சுத்தியலை இரண்டு கையாலும் தூக்கி அடித்தான். லாரன்ஸ் என்ற பெயரில் பாதி தெறித்துப் போயிற்று. இருமினான், ரத்தமாக வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது அடி. கல்லின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது. மூன்றாவதுக்குத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

விரிசல் போய் நின்ற இடத்தில் கீழ் வரி இருந்தது. "அவன் மனைவி ஹொனோரா." நூறு தரம் பார்த்த வரிதான். ஒரு நாளும் படித்ததில்லை. இன்னொரு அடி அடித்தால் அவன் உடைவான், அவளும் உடைவாள்.

"செத்தும் அவளை விட மாட்டேங்கறானே" என்றான் எம்மெட். சுத்தியல் கையிலிருந்து நழுவி விழுந்தது. அப்படியே சேற்றில் மண்டியிட்டு, அந்தப் பெயரைச் சட்டைக் கையால் துடைக்க ஆரம்பித்தான். அழுதான். என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை, எங்கள் அம்மா செத்தபோதுகூட. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். குளிரில் பல் கிட்டிக்கொண்டது.

அவளைத் தோண்டி எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியுமா என்று கேட்டான். டூமியை எங்கே புதைத்தார்கள் என்பதே தெரியாது, கால்வாய்க் கரையில் எங்காவது குழி வெட்டித் தள்ளியிருப்பார்கள் என்றேன். எம்மெட் அவள் பெயரின் மேல் கையை வைத்தான்.

"ஃபெர்கஸ்கிட்ட அந்தக் கறுப்புக் கல்லு இருக்கில்ல, அதுல என் பேரை வெட்டிட்டானா?"

"இல்லை. பங்கு பேரு வரட்டும், மொத்தமா வெட்டறேன்னு வெச்சிருக்கான்."

"வெட்ட வேணாம்னு சொல்லு. அது அவளுக்கு."

"அப்ப உனக்கு?"

"எனக்கு எதுக்கு? ஊரு ஊருன்னு அடிச்சது போதும்."

ஃபெர்கஸ் டோலன் மேல்கரைக்காரன். விஷயத்தைக் கேட்டதும் உளியைக் கீழே வைத்துவிட்டான். "கார்க்னு வெட்டி மேல்கரையில நடறதா? என்னை உசுரோட விடுவானுங்களா வின்னி?" என்றான். நோரா சொன்னதைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உளியை எடுத்தான்.

எம்மெட் பன்னிரண்டாம் நாள் போய்விட்டான். அடக்கத்துக்கு மேல்கரை ஆட்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களில் ஒருத்தன் புதுக் கல்லைப் பார்த்துவிட்டு என் காலடியில் துப்பினான். கன்னத்தில் ஒன்று வைத்தேன், பாதிரியார் முன்னாலேயே.

ஹொனோரா, ஜெரமையா டூமியின் மனைவி, கவுண்டி கார்க் என்று அந்தக் கல்லில் இருக்கிறது. உடைந்த கல்லுக்கு முதுகைக் காட்டித்தான் நட்டிருக்கிறோம். எம்மெட் இரண்டு வரிசை தள்ளிக் கிடக்கிறான். அவன் தலைமாட்டில் கல் இல்லை, பெயர் இல்லை, ஊர் இல்லை. வெறும் புல். நாய்க்குக்கூடக் கல் வைக்கிற ஊரில் இப்படிப் போட்டுவிட்டாயே என்று என்னைத் திட்டாத ஆள் இல்லை. திட்டட்டும். அது அவனாகக் கேட்டு வாங்கிக்கொண்ட புல்.